பாயிண்ட் இல்லாத டிராக்டர்

உக்கிரபாண்டியின் டிராக்டர் பாயிண்ட் இல்லாமல் ஓடத் தொடங்கியது 1946ஆம் வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள், காலை ஏழரை மணிக்கு. அன்று அலங்காநல்லூர்ச் சந்தையில் கத்தரிக்காய் வீசை இரண்டணா விற்றது. டிராக்டரிலிருந்து கழற்றிய பாயிண்ட் அந்த நேரத்தில் தனிஸ்லாஸின் சட்டைப்பையில் இருந்தது. அதற்குப் பதினான்கு மணி நேரத்துக்கு முன்னால் அவன் மனைவி பிலோமினாள் ஆனையூர்க் கண்மாய்க்கரையில் இறந்திருந்தாள்.

தனிஸ்லாஸ் மதுரையில் இன்டர்மீடியட் வரை படித்தவன். போர்க்காலத்தில் ராணுவப் பட்டறையில் எஞ்சின் வேலை கற்றான். போர் முடிந்து ராணுவம் பழைய டிராக்டர்களை ஏலம் விட்டபோது, அலங்காநல்லூருக்கு மேற்கே அறுபது ஏக்கர் வைத்திருந்த உக்கிரபாண்டி ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்துக்கொள்ள இவனையும் எடுத்தார். அந்த வண்டி பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். பாயிண்ட் என்பது அதன் உள்ளே எதிரெதிராக இருக்கும் துவரம்பருப்பு அளவு இரண்டு உலோகக் குமிழ்கள். அவை சேர்ந்து பிரிகிற ஒவ்வொரு தடவையும் எஞ்சினுக்குள் ஒரு பொறி விழும். குமிழ்கள் கருகினால் பொறி கிடையாது. அதனால் மாதம் ஒரு தரம் மூடியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, அஞ்சலட்டையை இரண்டாக மடித்துச் செருகி இடைவெளி பார்த்து மாட்ட வேண்டும். ஆயுத பூசை அன்று காலை அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பாதி வேலையில் உக்கிரபாண்டி வந்து கையை எடுக்கச் சொன்னார். பூசையில் வைக்கிற கருவியை அதற்குப் பின் தொடக் கூடாது. கழற்றியது கழற்றியபடியே கிடக்கட்டும் என்றார். அவன் எழுந்து கை கழுவினான். பிறகு வந்த வருஷங்களில் அவனுக்குத் தன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கை கழுவலின் மேல்தான்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பிலோமினாளுக்கு உதிரம் கொட்டத் தொடங்கியது. ஏழு மாதம். மதுரை ஆஸ்பத்திரிக்குப் பத்து மைல். ஊரில் எல்லா வண்டியும் பூசையில் இருந்தது, கூண்டு வண்டிகளின் நுகத்தடிகூட விபூதி பூசிப் படுத்திருந்தது. பஸ்ஸும் மாலை போட்டு அலங்காநல்லூரிலேயே நின்றுவிட்டது. தனிஸ்லாஸ் ஓடிப் போய் உக்கிரபாண்டியிடம் டிராக்டரைக் கேட்டான்.

"பூசையில வச்சதை இன்னைக்கு அசைக்கக் கூடாதுப்பா. சாமி குத்தமாகிப் போகும். நாளைக்கு விடியவும் தாராளமா எடுத்துட்டுப் போ, நானா வேணாங்குறேன்?"

"நாளைக்கு வரைக்கும் தாங்காதுய்யா."

"எங்க வீட்டுல எட்டுப் பெத்திருக்கா. அம்புட்டும் தாங்குச்சு."

அவர் சாப்பிட உள்ளே போனார். டிராக்டர் ஓட்டுகிற முத்திருளன் மட்டும் தனிஸ்லாஸின் பின்னால் வந்தான். இரண்டு பேரும் வாழைக்கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார்கள். முப்பது சுற்றுக்கும் எஞ்சின் தும்மக்கூட இல்லை. குனிந்து பார்த்தபோது பாயிண்டின் இரண்டு குமிழ்களுக்கும் நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமம். சந்தனம் ஸ்பிரிங்குக்குள்ளும் இறங்கிக் காய்ந்திருந்தது. திறந்து கிடந்த உறுப்புக்குப் பொட்டு வைக்காமல் விடக் கூடாதென்று உக்கிரபாண்டியின் மனைவி ஒச்சாயி பக்தியோடு விரலை நுழைத்திருந்தாள். கால் மணி நேர வேலை, கழற்றிய ஸ்பிரிங் தெறித்து மண்ணில் விழுந்து தேடியதில் ஒன்றரை மணி ஆயிற்று. பிறகு வண்டி கிளம்பியது. டிரெய்லரில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். ஆனையூர்க் கண்மாய்க்கரையில் பிலோமினாள் "எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள். தனிஸ்லாஸ் "வந்துருச்சு" என்றான். வரவில்லை.

திரும்பி வந்து அவளை வீட்டில் இறக்கிய கையோடு பாயிண்டைக் கழற்றினான். அந்த வண்டி உக்கிரபாண்டிக்கு இனி ஓடக் கூடாது. அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை, பிரேதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. மறுபூசை முடிந்து முத்திருளன் சடங்குக்காகக் கைப்பிடியை அரைச் சுற்று சுற்றியிருக்கிறான், கிளம்பிவிட்டது. தனிஸ்லாஸ் போய்ப் பார்த்தான். பாயிண்ட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, எஞ்சின் ஒரே சீராக ஓடியது. எல்லாம் இருந்தும் நேற்று ஓடாத வண்டி. அவன் முன்மூடியைக் கையால் ஓங்கி ஓங்கி அறைந்தான். சூட்டில் உள்ளங்கை வெந்தது. பிறகு பொறிக்கு வேண்டிய மற்றதையும் ஒவ்வொன்றாக, ரோட்டரை எடுத்தான், கன்டென்சரை எடுத்தான், பிளக் ஒயர் நான்கையும் பிடுங்கினான், மண்ணெண்ணெயைத் தரையில் வடித்தான். ஒவ்வொன்று போகப் போக எஞ்சின் இன்னும் நன்றாக ஓடியது. ஒச்சாயி வந்து அவன் முன்னால் நின்று, "நான்தான் தம்பி வச்சேன், என் கைதான் அது" என்று சொல்லி வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் சொல்லிவிட்டாள். உக்கிரபாண்டி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்தியா, என் ராசிக்கு ஒண்ணுமே இல்லாம ஓடுது. இனி மெக்கானிக் எதுக்கு?" என்றார். சாயங்காலம் அடக்கம் முடிந்தது. தனிஸ்லாஸ் மதுரைக்குப் போய் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் சேர்ந்தான்.

அந்த ராசியின் இன்னொரு பக்கம் மூன்றாம் நாள் தெரிந்தது. வண்டியை நிறுத்த முடியவில்லை. சுவிட்சைத் திருப்பினால் பொறி நிற்கும், பொறி நின்றால் எஞ்சின் நிற்கும், அதுதான் ஏற்பாடு. இதில் பொறியே கிடையாது. "இல்லாததை எப்படி அணைக்கிறது?" என்று முத்திருளன் கேட்டான். புகைக்குழாயில் சாக்கை அடைத்தார்கள், சாக்கு பொசுங்கியது. தேர்வடத்தால் புளியமரத்தோடு கட்டினார்கள், மரம் வந்தது. முத்திருளன் இறங்கிக்கொண்ட பிறகும் அது தானாகவே உழுதது. அறுபது ஏக்கரையும் நான்கு நாளில் உழுதுவிட்டு மறுபடி முதல் வயலுக்குத் திரும்பும். அடுத்தவன் வரப்பை ஒரு விரற்கடை தொட்டதில்லை. உக்கிரபாண்டியின் நெல்லையும் கரும்பையும் மட்டும் மடக்கி மடக்கி உழுதது. தை மாதத்தில் அவருடைய மண் கோதுமை மாவு மாதிரி ஆகியிருந்தது, காற்றடித்தால் எழுந்து போயிற்று. கொட்டாம்பட்டியிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காப்பிக்கடையில் விருமாண்டி என்பவன், "மாமா, எந்த வயலுக்கு எப்ப வரும்னு ரயில் டைம்டேபிள் மாதிரி அடிச்சுக் குடுத்தீகன்னா, இடையில கீரையாவது போடலாம்ல" என்றான். உக்கிரபாண்டி அதற்குப் பின் காப்பிக்கடைக்குப் போகவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் மதுரைக்கு வந்து பட்டறை வாசலில் நின்றார். ஒரு வருஷத்தில் மெலிந்துபோயிருந்தார். பிடுங்கியதையெல்லாம் பாயிண்டோடு சேர்த்து மாட்டினால் பொறி திரும்பும், சுவிட்சுக்குக் கட்டுப்படும் என்று முத்திருளன் சொல்லியிருந்தான்.

"ஒரு நாளைக்கு நிப்பாட்டிக் குடுப்பா. ஓடுற கருவியப் பூசையில வைக்க முடியாது. குலத்துக்கே ஆகாது."

"அன்னைக்கு ஓட்டுங்கன்னேன், நிக்கணும்னீங்க. இப்ப நிப்பாட்டச் சொல்றீங்க."

"என்ன வேணும்னாலும் கேளு."

"ஊர் முன்னாடி சொல்லணும். நான்தான் வண்டி தரல, அவ செத்தது என்னாலன்னு. நீங்க சொன்னது என் காதுல விழுந்த நிமிசம் மாட்டிர்றேன்."

பூசை அன்று தனிஸ்லாஸ் மாலை போடாத ஒரு மிலிட்டரி லாரியில் ஏறி ஊருக்குப் போனான். வயலில் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. பூசாரி தட்டோடு அதன் கூடவே ஓடினார், ஒச்சாயி சந்தனத்தை எட்ட நின்று எறிந்தாள், தேங்காயைச் சக்கரம் உடைத்தது. ஊர் வரப்பில் நின்றது. உக்கிரபாண்டி தொண்டையைக் கனைத்து, "அன்னைக்கு வண்டி கிடைக்காமப் போச்சு, சாமி காரியம்" என்றார். "யாரு குடுக்கல?" என்று தனிஸ்லாஸ் கேட்டான். அவர் தரையைப் பார்த்தார். அவன் திரும்பி நடந்தான்.

இரண்டாம் வருஷம் அவர் சொன்னார். டிராக்டர் பக்கத்தில் நடந்தபடியே, உடைந்த குரலில், ஒரு சொல் விடாமல் சொன்னார். வரப்பில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கேக்கல" என்றான் தனிஸ்லாஸ்.

உக்கிரபாண்டி கத்தினார்.

"அண்ணே, சொல்லிட்டாருண்ணே" என்றான் முத்திருளன்.

"எனக்குக் கேக்கல."

அவன் பொய் சொல்லவில்லை. முத்திருளன் பேசியது கேட்டது. எஞ்சின் கேட்டது. எங்கோ ஒரு கொக்கு இறக்கையடித்ததுகூடக் கேட்டது. உக்கிரபாண்டியின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவன் அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் காதைக் கொண்டுபோய் நின்றான். அவருடைய எச்சில் கன்னத்தில் தெறித்தது. சத்தம் இல்லை. வாக்கை மீற அவனுக்கு மனமில்லை, காதில் விழாததற்கு மாட்டவும் மனமில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

இது மூன்றாம் வருஷம். ஊர் இதற்குப் பழகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஆயுத பூசையை ஓடிக்கொண்டே செய்கிற ஊர் இது ஒன்றுதான், அதற்கென்று இளவட்டமான பூசாரியாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் உக்கிரபாண்டி சொல்வதும் முறையில் சேர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் பொரி கொடுப்பார்கள். வருஷம் முழுக்கச் சொல்லிப் பழகியதில் அவர் குரல் நன்றாகத் திறந்துவிட்டது. இந்தத் தடவை அவர் சொன்னது இருபத்தைந்து மைல் தள்ளி, திருச்சி ரோட்டில் கொட்டாம்பட்டிப் பக்கம் நெல் ஏற்றிப் போன வண்டிக்காரர்களுக்குக் கேட்டு, அவர்கள் மாட்டை நிறுத்தி இறங்கி நின்றார்களாம். தனிஸ்லாஸ் வழக்கம்போல அவர் முன்னால் போய் நின்று, கடைசிச் சொல்லுக்கு உதடு மூடும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினான். உக்கிரபாண்டி சரி என்று தலையை ஆட்டினார். டிராக்டர் வரப்பு வரை போய்த் திரும்பியது.