மூடிய கைகளின் வகுப்பு

ஆசிரியர் பட்டம் பெறும் வழிகள் இரண்டு வகைப்படும். முதலாவது, கல்லூரிக்குச் சென்று, விடுதிச் சாப்பாட்டைக் குறைகூறிக்கொண்டே பெறுவது. இரண்டாவது, வேலையையும் வீட்டையும் விடாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்களையும் பதிவுசெய்யப்பட்ட விரிவுரைகளையும் துணைகொண்டு பெறுவது. என் நாத்தனார் முதல் வழியில் வந்தவர். நான் இரண்டாம் வழியில் வந்தவள். இவ்வழியின் கட்டணம் பேருந்து நடத்துநரான என் சம்பளத்துக்குள் அடங்கும்; இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதற்காரணம். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மலிவு என்பது விலையைக் குறிக்கும் சொல். தரத்தைக் குறிக்க வேறு சொற்கள் உள்ளன.

வண்டி கடைசி நிறுத்தத்தில் திரும்பக் காத்திருக்கும் இடைவேளைகளில், பின் இருக்கையில் அமர்ந்து கல்வி உளவியல் படித்தேன். ஓட்டுநர் கை கழுவிவிட்டு வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்.

"தபால்ல டீச்சர் ஆகுறவங்கள இப்பதாம்மா பாக்குறேன். ஸ்டாம்ப் எங்க ஒட்டுவாங்க?"

"உங்க வாயில ஒட்டுவாங்கண்ணே. வண்டிய எடுங்க."

என் தேர்வு நாள்களில் பணிமனை மேலாளரிடம் மல்லுக்கட்டி என் முறையை மாற்றித் தந்தவரும் இவரே. மனிதருக்கு வாயும் மனமும் தனித்தனி உறுப்புகள் என்பதற்கு இவர் தக்க எடுத்துக்காட்டு.

எழுத்துத் தேர்வுகள் அனைத்திலும் தேறிவிட்டேன். எஞ்சியது செய்முறைத் தேர்வு. ஒரு பள்ளியில் பயிற்சி வகுப்புகள் எடுக்க வேண்டும்; இறுதி நாளன்று பல்கலைக்கழகத் தேர்வாளர் முன்னிலையில் ஒரு பாடத்தை முழுமையாக நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால் நான் சான்றிதழ் பெற்ற ஆசிரியை. தவறினால் அடுத்த ஆண்டு மறுபடியும் பயிற்சிக்கு வர வேண்டும். இன்னொரு நீண்ட விடுப்பைக் கனவில்கூடக் கேட்கக் கூடாது என்று மேலாளர் சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே எனக்கு வாய்த்தது ஒரே ஒரு வகுப்பு.

பயிற்சிக்கு அமைந்தது என் நாத்தனார் பணிபுரியும் பள்ளி. அவருடைய ஐந்தாம் வகுப்பே எனக்குத் தரப்பட்டது. அவரே எனக்கு வழிகாட்டி ஆசிரியை. வீட்டில் அவள் எனக்கு இளையவள். நான் 'வா, போ' என்பேன். அவள் 'அண்ணி' என்பாள். பள்ளி வாயிலைக் கடந்ததும் அவர் எனக்கு 'மேடம்' ஆகிவிடுவார். இந்த ஏற்பாடு முடிவானபோது, குழாய் பழுது பார்க்கும் என் கணவர் கவலையோடு கேட்டார்:

"ஒரு பக்கம் தங்கச்சி, ஒரு பக்கம் நீ. நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

"நீங்க அடுப்புப் பக்கம் நில்லுங்க. நாங்க வர லேட்டாகும்."

தேர்வாளர் வரவிருந்த காலை, வகுப்பறையை நெருங்கும்போதே நாத்தனாரின் குரல் கேட்டது. வாசலில் நின்றேன்.

"தெரிஞ்சவங்க கைய எப்படித் தூக்கணும்?"

"இப்படி மேடம்!" என்று விரிந்த கைகள் எழுந்தன.

"தெரியாதவங்க?"

"இப்படி மேடம்!" இம்முறை எழுந்தவை மூடிய கைகள்.

"சார் பின்னாடி உக்காந்திருப்பார். அவருக்குக் கை மட்டுந்தான் தெரியும். ஒருத்தர் கையும் கீழ இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்பதற்கு அடையாளமாக வகுப்பு முழுவதும் விரிந்த கையைத் தூக்கியது. நாத்தனார் வெளியே வந்து, சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"விரிச்ச கைய மட்டும் கேளுங்க. டக்குடக்குன்னு சரியான பதில் வரும். பெல் அடிக்கிறதுக்குள்ள பாடம் முடிஞ்சிரும். சார் மார்க்கப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பார்."

"மூடின கைய என்ன பண்றது மேடம்?"

"பாக்காத மாதிரி இருங்க."

"டிக்கெட் எடுக்காதவங்களப் பாக்குறதுக்குத்தான் இத்தன வருஷம் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

"இது பஸ் இல்ல."

"இதுக்கும் எறங்குற எடம்னு ஒண்ணு வரும்ல? அங்க போயி இதுங்க என்னத்தக் காட்டும்?"

அவர் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, தத்துவத்த சாயங்காலம் வெச்சுக்கலாம். காலேஜ்ல உக்காந்து படிச்சு வந்த நாங்களே இதத்தான் செய்யறோம். பஸ்ல உக்காந்து புக்கப் பொரட்டுன நீங்க வந்து எனக்குப் பாடம் எடுக்காதீங்க. இது உங்களுக்காகத்தான் பண்றேன்."

கடைசி வாக்கியம் உண்மை. முந்தைய வாக்கியம் அவர் வெகுநாளாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது. இரண்டையும் நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளவில்லை.

தேர்வாளர் ஒல்லியான நெட்டை மனிதர். மூக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கடைசி பெஞ்சில் முழங்கால்கள் அடங்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, 'ஆரம்பிங்கம்மா' என்பதுபோல் தலையசைத்தார். நாத்தனார் கதவோரம் நின்றார்.

பாடம், பின்னங்கள். கற்பித்தல் துணைக்கருவியாக, டிக்கெட் இயந்திரத்தில் மாட்டும் காகிதச் சுருளைக் கொண்டுவந்திருந்தேன். முந்தைய பாடத்தை நினைவூட்டும் எளிய கேள்விகள் இரண்டு கேட்டேன். இருமுறையும் எல்லாக் கைகளும் எழுந்தன. முன்வரிசையின் விரிந்த கைகள் இரண்டு, விடைகளைத் தட்டில் வைத்துத் தந்தன. தேர்வாளர் மகிழ்ச்சியோடு எழுதினார். கதவோரத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

மூன்றாவது கேள்வியே பாடத்தின் மையம். "மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?"

மீண்டும் எல்லாக் கைகளும் எழுந்தன. இம்முறை நிதானமாகப் பார்த்தேன். விரிந்தவை எட்டோ ஒன்பதோ. மற்ற அனைத்தும் மூடியிருந்தன.

சீட்டு வாங்காத பயணியைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அவர் ஜன்னலுக்கு வெளியே தீவிரமாக எதையோ பார்ப்பார்; அல்லது ஏறிய மாத்திரத்தில் உறங்கிவிடுவார். எல்லோரும் சீட்டு வாங்கும் வரை அடுத்த நிறுத்தத்துக்கு விசில் கொடுக்காமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவது என் வழக்கம். இதற்காக நான் வாங்கிய வசவுகளைத் தொகுத்தால் ஒரு பாடநூல் ஆகும். ஆயினும், கையைத் தூக்கிக்கொண்டு, என் கண்ணை நேராகப் பார்த்து, 'தயவுசெய்து என்னைக் கேட்டுவிடாதே' என்று கெஞ்சும் பயணியை நான் அதுவரை கண்டதில்லை. அன்று ஒரு வகுப்பறை நிறையக் கண்டேன்.

முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி மூன்றாம் பெஞ்சில் மூடிய கையை மற்றவர்களைவிட உயரமாகத் தூக்கியிருந்தாள்.

"நீ சொல்லு கண்ணு."

அவள் தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"மிஸ், நான் மூடின கை."

பக்கத்தில் இருந்தவள் எனக்கு உதவும் நல்லெண்ணத்தோடு எழுந்து நின்று, பள்ளி முழுவதும் கேட்கும் குரலில் விளக்கினாள்: "மிஸ், அவளக் கேக்கக் கூடாது மிஸ்! விரிச்ச கையத்தான் கேக்கணும்னு மேடம் சொல்லியிருக்காங்க!"

தேர்வாளர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கதவோரத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே அங்கிருந்து அடித்த அனல் தெரிந்தது. அந்த நிமிடத்தில் சிரித்து மழுப்பி, ஒரு விரிந்த கையைக் கேட்டு, வண்டியை நகர்த்தியிருக்கலாம்.

"தெரியும். அதனாலதான் அவளக் கேட்டேன்" என்றேன். "எல்லாரும் கைய எறக்குங்க. இப்ப, தெரியாதவங்க மட்டும் தூக்குங்க. எப்படி வேணாலும் தூக்கலாம்."

முதலில் ஒரு கையும் எழவில்லை. பிறகு பல் விழுந்தவள் தூக்கினாள். அப்புறம் மடமடவென்று பெஞ்சு பெஞ்சாக எழுந்தன.

"ஏன் தெரியலன்னு சொல்லு, பாப்போம்" என்று அவளிடமே கேட்டேன்.

"தெரியும் மிஸ். ஆனா தப்போன்னு பயம். மூணவிட நாலுதானே மிஸ் பெருசு? அப்ப நாலுல ஒண்ணுதானே பெருசு?"

ஒரே நீளமுள்ள இரண்டு காகித நாடாக்களை அவளிடம் கொடுத்து, ஒன்றை மூன்று பேருக்கும் மற்றதை நான்கு பேருக்கும் பங்கிடச் சொன்னேன். மூன்றாகக் கிழித்ததில் தன் பங்கை மட்டும் தாராளமாகக் கிழித்துக்கொண்டாள். "கள்ளாட்டம் மிஸ்!" என்று பின்னாலிருந்து கூக்குரல். சமபங்கு என்பதன் வரையறையை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூக்குரலே சொல்லிவிட்டது. புது நாடா கொடுத்தேன். இம்முறை மடித்துக் கிழித்தாள். துண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது.

"ஆளு சேரச் சேரத் துண்டு சின்னதாயிடுது மிஸ்!"

அடுத்த கைக்குப் போனேன். அதற்கடுத்த கைக்குப் போனேன். ஒருவருக்குப் புரிந்த விதம் மற்றவருக்குப் புரியவில்லை. ஒருவன் நாடாவில் புரிந்துகொண்டான், ஒருத்திக்குப் பலகையில் கோடு வேண்டியிருந்தது. தரையெங்கும் காகிதத் துண்டுகள். ஜன்னலோரத்தில் ஒருவன் மட்டும் கையை இறக்காமல், "எனக்கு இன்னும் வரல மிஸ்" என்றபோது மணி அடித்தது. பின்னங்களின் கூட்டல், மதிப்பீட்டு வினாக்கள், வீட்டுப்பாடம் ஆகிய யாவும் என் பாடத்திட்டத்தில் தொடப்படாமலே கிடந்தன.

ஆசிரியர் அறையில் தேர்வாளர் எதிரே நாங்கள் இருவரும் அமர்ந்தோம்.

"அந்தக் கை விஷயம் யார் ஏற்பாடு?"

"கிளாஸ எடுத்தது நான் சார். முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உள்ள போனேன். எதுன்னாலும் என்னக் கேளுங்க."

நாத்தனார் மேசையில் கையை ஊன்றினார். "அவங்க எதுக்குச் சொமக்கணும்? நான்தான் சார். யாராவது பாக்க வந்தா இங்க எல்லா கிளாஸ்லயும் நடக்குறதுதான். நீங்களும் வாத்தியாரா இருந்து வந்தவர்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க ஸ்கூல்ல வலது கை, இடது கைன்னு வெச்சிருந்தோம்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அத விடுங்க. பாடத்திட்டத்துல பாதிகூட வரல. நேர மேலாண்மைக்கு மார்க் போட எனக்கு வழியே இல்ல."

"போடாதீங்க சார்."

"அந்த மார்க் போனா பாஸாகுறதே இழுபறிம்மா. ஒண்ணு பண்ணுங்க. தன்மதிப்பீட்டுப் பகுதில, 'திட்டத்திலிருந்து விலகியது தவறு, இனித் திருத்திக்கொள்வேன்'னு ஒரு வரி எழுதுங்க. அத வெச்சு நான் கொஞ்சம் சேத்துப் போடலாம்."

நாத்தனார் பேனாவை என் கையில் திணித்தார். "எழுதுங்க அண்ணி. ஒரு வரிதானே! எழுதுனா கை தேஞ்சா போயிடும்?"

வாங்கினேன். பாடநூல்கள் எனக்குக் கற்றுத்தந்த நடையில் தெளிவாக எழுதினேன்: 'மாணவருள் பெரும்பாலோர் அறியவில்லை என்று கண்ட பின்னரும் திட்டத்தைத் தொடர்வது கற்பித்தல் ஆகாது. எனவே நிறுத்தினேன். மீண்டும் வாய்ப்புக் கிடைப்பின் மீண்டும் நிறுத்துவேன்; மூன்றாம் வினா வரை காத்திராமல் முதல் வினாவிலேயே நிறுத்துவேன்.'

தேர்வாளர் இரண்டுமுறை படித்தார்.

"இது மன்னிப்பு மாதிரி தெரியலையே?"

"மேல தன்மதிப்பீடுன்னுதான் சார் போட்டிருக்கு."

நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டார். தேர்வாளர் கட்டங்களை நிரப்பலானார். நேர மேலாண்மைக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பேனா தயங்கி நின்றது. அவ்வளவு நேரமும் என் முதுகு நாற்காலியில் படவில்லை. வீட்டில் சொல்ல வேண்டிய சொற்களைக்கூட மனத்துக்குள் அடுக்கிவிட்டேன்: 'தோத்துட்டேன். அடுத்த வருஷமும் போவேன்.' வேலையை விட்டாவது போவேன் என்பதையும் சேர்த்து அடுக்கினேன்.

அவர் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார்.

"தேறிட்டீங்க" என்றார். "படியில தொங்கிக்கிட்டு வந்த மாதிரிதான் தேறியிருக்கீங்க. பெருமையா வெளிய சொல்லிக்கிற மார்க் இல்ல."

"சொல்லிக்குவேன் சார்."

அவர் போனபின் நாத்தனாரும் நானும் தாழ்வாரத்தில் நடந்தோம். அவர் காலடிகள் கோபமாக விழுந்தன.

"என் மானம் கப்பலேறிடுச்சு. இனி அந்த வாண்டுங்க என்ன மதிக்குமா? நான் சொன்னபடி கேட்டிருந்தா நீங்க முதல் வகுப்புல பாஸாகியிருப்பீங்க. நம்ம வீட்டுல ஸ்வீட் வாங்கியிருப்பாங்க."

"அது உன் பாஸாயிருக்கும். இது என்னோடது" என்றேன். பள்ளிக்குள் இருக்கிறோம் என்பது எனக்கு மறந்துவிட்டது. "நாளைக்கு மொத பீரியட் எனக்குக் குடு."

"எதுக்கு? அதான் தேர்வு முடிஞ்சுதே!"

"பாடம் முடியல. ஜன்னல் ஓரத்துல ஒருத்தனுக்கு இன்னும் வரல."

"அவனுக்கு வருஷம் பூரா வராது அண்ணி. எனக்குத் தெரியாதா அவன?"

"அப்ப உனக்கு வருஷம் பூரா வேல இருக்கு. நாளைக்கு ஒருநா நான் பாக்குறேன்."

அவள் நின்றாள். "தரையெல்லாம் குப்ப. பேப்பர் கம்மியா கொண்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னே நடந்தாள்.

மறுநாள் முதல் பாடவேளை, சான்றிதழுக்குத் தகுதி பெற்ற ஆசிரியையாக நான் எடுத்த முதல் வகுப்பாகும். பின் பெஞ்சில் எவரும் இல்லை. யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை. புதிய காகிதச் சுருளோடு நேராக ஜன்னலோரம் போய், அவனை நகர்ந்து உட்காரச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்தேன்.