மண்ணாகத் திரும்பிய சுவர்

திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கடன் அலுவலகத்தில் வேலை பார்த்தாள் புனிதா. வானூர்ப் பக்கம் மண்கல் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தான் சகாயராஜ். வீடுகளைப் பரிசோதித்துக் குறை நிறை எழுதிக் கொடுப்பது விழுப்புரத்து இசைவாணியின் தொழில். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்தது புனிதாதான்.

"மண்ணு வீடுன்னாலே எங்க ஆபீஸ்ல லோன் இல்லன்றாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் வெளி ஆளு ஒருத்தர் பாத்து எழுதிக் குடுத்தா யோசிப்பாங்க. நீ கட்டு சகாயம். இசை பாக்கட்டும். மேல நான் பேசறேன்" என்றாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீ ஆறுவதற்குள் அந்தக் கூட்டு உண்டாகிவிட்டது.

முதல் வீடு ஜெயத்துக்கு. பிரம்மதேசத்தில் அங்கன்வாடிப் பணியாளர் அவர். கணவர் இறந்த பிறகு மகள் இளவரசியுடன் வாடகை வீட்டில் இருந்தார். ஏரிக்குக் கீழே அவருக்குச் சின்னதாக ஒரு மனை இருந்தது. அங்கேயே தோண்டிய மண்ணைச் சலித்து, சிமெண்ட் சேர்க்காமல் இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கி, வெயிலில் காயவைத்துச் சுவர் எழுப்பினான் சகாயராஜ்.

கூரைக்கு முந்தைய பரிசோதனைக்காக இசைவாணி போனபோது ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. சுவர்களின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் வழியாக இறங்கிய வெளிச்சத்தில் அறைகள் எல்லாம் நீலமாக, லேசாக அசைந்துகொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் குளத்துக்கு அடியில் நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. வெளியே கேட்ட லாரிச் சத்தம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது.

"தெனம் இந்த வீடு கனவுல வருது மேடம்" என்றார் ஜெயம். "ஏரித் தண்ணி உள்ள வந்து நிக்குது. அங்கன்வாடிப் பசங்க அதுல காயிதக் கப்பல் வுடுதுங்க. எனக்கு பயமே இல்ல."

இசைவாணி சிரித்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடியே ஒவ்வொரு அறையாக நடந்தாள். மண் குளிர்ந்து, மிருதுவாக, ஏதோ உயிருள்ள ஒன்றின் விலாவைப்போல இருந்தது. பின்னால் வந்த சகாயராஜ் கூரை எப்படி வளையப்போகிறது என்று கைகளை வளைத்துக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தான். அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. சில மாதங்களாகவே அப்படித்தான். அவனிடம் அவள் அதைச் சொன்னதில்லை.

வடமேற்கு மூலை அறையில் அவள் கை நின்றது. குனிந்து தொட்டாள். முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஈரம். நிமிர்ந்தபோது ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல், தலைமுடி ஒட்டிக்கொண்டதுபோல மேலே ஏறிப் போவது தெரிந்தது.

"வெளிப்பக்கம் கொஞ்சம் தோண்டணும்" என்றாள்.

மண்வெட்டி போட்டதும் கரிய களிமண் வந்தது. அதில் நத்தை ஓடுகள் வெள்ளையாக மின்னின. எப்போதோ ஏரித் தண்ணீர் கிடந்த இடம். முன்பு அவள் வந்து பார்த்த மற்ற மூன்று பக்கமும் கெட்டி மண் வரை இறங்கியிருந்த கருங்கல் அஸ்திவாரம், அதன் பிறகு தோண்டிய இந்த மூலையில் களிமண்ணிலேயே நின்றுவிட்டிருந்தது.

சகாயராஜ் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இத தோண்டுறப்ப நான் வானூர் சைட்ல இருந்தேன். மழ புடிச்சிக்கிச்சி, ஆளுங்க அதோட நிறுத்திட்டாங்க. வந்து பாத்திருக்கணும். பாக்கல."

ஜெயம் ஒரு நத்தை ஓட்டை எடுத்து முந்தானையில் துடைத்தார்.

திண்டிவனம் ஸ்டேஷனில் இசைவாணி ரயிலுக்குக் காத்திருந்தபோது, சகாயராஜ் சொல்லி விஷயம் தெரிந்த புனிதா போனில் வந்தாள்.

"மொத வீடு இசை. இதுவே நின்னு போச்சின்னா அப்புறம் மண்ணு வீட்டப் பத்தி நான் வாயே தொறக்க முடியாது. சின்னக் குறைன்னு எழுதேன். கூரையப் போட்டுட்டு சரி பண்ணிக்கலாம்."

"கூரை ஏறினப்புறம் அந்த சுவர எறக்க முடியாதுக்கா. உள்ள ஆளுங்க தூங்குவாங்க."

புனிதா "பேஜாரா போச்சி போ" என்று வைத்துவிட்டாள்.

பாசஞ்சர் ரயில் மெல்லப் போனது. இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர். வானம் மொத்தமும் தரையில் கிடந்தது. கொக்குகள் மேகத்தின் மேல் நடந்தன. இசைவாணி ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் அறிக்கை எழுதினாள்: அந்த மூலைச் சுவரை இறக்க வேண்டும், அஸ்திவாரத்தைக் கெட்டி மண் வரை கொண்டுபோக வேண்டும், அதுவரை கூரை கூடாது. குழியைப் பார்த்தபடி நின்ற சகாயராஜின் முகம் எழுத்துகளுக்கு நடுவே வந்து வந்து போயிற்று. விழுப்புரம் வருவதற்குள் அனுப்பிவிட்டாள்.

அடுத்த தவணைக் கடன் நின்றது. வேலையும் நின்றது. சகாயராஜ் போனை எடுக்கவில்லை. மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. ஜெயத்தின் வாடகை வீட்டுக்கு வேறு குடும்பம் வருவதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அவர் மகளோடு திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. "கிறிஸ்துமஸுக்குப் புது வீட்ல ஸ்டார் கட்டுவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன் மேடம்" என்று ஒருமுறை போனில் சொன்னார். இசைவாணி அன்று முழுக்க எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் குரல் கூடவே வந்தது.

மழை விட்டுப் பனி விழ ஆரம்பித்த ஒரு நாள் ஜெயமே கூப்பிட்டார். "சகாயம் தம்பி நேத்துலேர்ந்து தனியா சுவரப் பிரிச்சிக்கினு கீது மேடம். யார்கிட்டயும் பேச மாட்டேங்குது. ஜல்தி வர்றீங்களா?"

அவள் போனபோது மூலைச் சுவர் பாதிக்கு இறங்கியிருந்தது. சகாயராஜ் ஒவ்வொரு கல்லாக எடுத்து, தள்ளி வெட்டித் தண்ணீர் நிறைத்த குழியில் மெதுவாக வைத்தான். கல் முதலில் மூச்சு விட்டது. சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. பிறகு அதன் முனைகள் கரைந்தன. கொஞ்ச நேரத்தில் கல் இருந்த இடத்தில் ஒரு செம்மேகம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது. பனி விலகாத காலையில் ஒரு சுவர் சத்தமே இல்லாமல் மண்ணாகிக்கொண்டிருந்ததை அவள் நின்று பார்த்தாள்.

"கோவமா?" என்று கேட்டாள்.

"மொதல்ல இருந்திச்சி." அவன் நிமிரவில்லை. "அப்புறம் படுத்தா, அந்த ரூம்ல இளவரசி தூங்கற மாதிரியே தெரிஞ்சிது. மேல கூரை."

இன்னொரு கல்லை வைத்தான். "இத அப்படியே மிதிச்சி, தை வெயில்ல திரும்பக் கல்லாக்கிடலாம். எதுவும் வீணாவாது."

இசைவாணி செருப்பைக் கழற்றினாள்.

"வேணாங்க. நீங்க செக் பண்ற ஆளு. மண்ணுல எறங்கிட்டா இந்த வீட்ட அப்புறம் நீங்க பாக்க முடியாது."

"தெரியும். செஞ்சில என்ன மாதிரியே செக் பண்ற பிரான்சிஸ் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவரு என்னவிடக் கறாரு."

அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். அவள் சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குழியில் இறங்கினாள். மண் சில்லென்று கணுக்காலைச் சுற்றியது. கால் வைக்கும் இடமெல்லாம் நழுவியது. அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். ஜெயமும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார். மூவரும் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மூன்று சுவர் வீட்டுக்குள் மூங்கில் நட்டு ஜெயம் ஸ்டார் கட்டினார். சாயங்காலம் ஏரிக்கரையில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான்காவது சுவர் இல்லாத பக்கமாக அந்த ஒளி இறங்கிப் போய்த் தண்ணீர் வரைக்கும் கிடந்தது.

பொங்கல் கழிந்ததும் புனிதா வந்தாள். தன் மேலாளர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, "உங்க ஆளே உங்க வீட்ட வேணாம்னுட்டாங்களா?" என்று கேட்டதைச் சொன்னாள். "திரும்பவும் படிச்சாரு இசை. சரி பண்ணிக்கினு வாங்க, குடுக்கலாம்னாரு. இனிமே எல்லா வீட்டுக்கும் இதே மாதிரி எழுதணுமாம். அன்னிக்கி உன்னத் திட்டிக்கினே தூங்கினேன். மனசுல வெச்சிக்காத."

பங்குனியில் மூலைச் சுவர் திரும்ப எழும்பி, கூரையும் வளைந்து முடிந்தது. பிரான்சிஸ் வந்து ஒவ்வொரு சுவரையும் தட்டினார். குளியலறையில் தண்ணீர் ஓடும் சரிவு போதாது என்று அதை மட்டும் இடித்துத் திரும்பப் போடச் சொன்னார். போட்ட பிறகு இன்னொரு முறை வந்து கையெழுத்திட்டார்.

குடிபுகுந்த அன்று மத்தியானம், பிரியாணி சாப்பிட்டவர்கள் எல்லாம் புது வீட்டின் குளிர்ந்த தரையில் அங்கங்கே சாய்ந்து தூங்கிவிட்டார்கள். வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. இசைவாணியும் சகாயராஜும் வாசல் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நமக்கு ஒண்ணு கட்டலாமா?" என்றான் அவன், எதிரே பார்த்தபடி.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் நின்றதுபோல இருந்தது. காற்று, இலை, தூரத்து டிராக்டர்.

"எங்க?"

"விழுப்புரமோ, வானூரோ. நீங்க சொல்ற எடம்."

"மொதல்ல மண்ணு பாக்கணும்" என்றாள்.

அவன் சிரித்தான். "நாளைக்கே போலாமா?"

"போலாம். என்னை வாங்க போங்கன்னு சொல்லாம இருந்தா போலாம்."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். கொஞ்ச நேரம் போராடிவிட்டு, "சரி, வாணி" என்றான். உள்ளேயிருந்து இளவரசி கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து, இருவருக்கும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.