சகலையின் இடுப்பளவு

ஆம்பளைக்கு வயசானது முதலில் எங்கே தெரியும் என்று கேட்டால், தையல்கடை கட்டிங் மாஸ்டர் யோசிக்காமல் சொல்வார்: இடுப்பில். தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளலாம், டேப்பை ஏமாற்ற முடியாது. இடுப்பு ஏறிய கதைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இறங்கிய கதை ஒன்றே ஒன்றுதான். அதுவும் போயும் போயும் அவருடைய சகலைக்கு நடந்திருந்தது.

சகலை டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மனைவியின் அக்கா வீட்டுக்காரர், மாஸ்டரைவிட மூத்தவர்.

"சகலை, தினம் நடக்குறதுல பேண்ட்டெல்லாம் தொளதொளங்குது. இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே அளவெடுத்தார். உள்ளே பற்றி எரிந்தது. அவருடைய சொந்த பேண்ட்டுகளுக்கு உள்மடிப்பில் பிரித்துவிட இனித் துணியே இல்லை. மதியமானால் கத்திரியைப் பிடித்தபடியே கண் சொருகும். யாராவது ஏதாவது கேட்டால் வள்ளென்று விழுவார். இரவில் மனைவி பக்கம் திரும்பிப் படுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. வயசு என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தவர் முன்னால்தான், தன்னைவிட மூத்த ஆள் வந்து இடுப்பைக் குறைக்கச் சொல்லி நின்றார்.

போதாததற்கு மனைவி. "அத்தானைப் பாருங்க, மாடிப்படிய ரெண்டு ரெண்டா தாண்டிப் போறாரு. நீங்க செருப்பு மாட்டவே மூச்சு வாங்குறீங்க."

"அந்தாளுக்கு உக்காந்து வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்குற வேலை. நான் நின்னு தேயுறேன்."

"நின்னு தேயுறவருக்கா இந்தத் தொப்பை?"

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இறங்கியது, வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பாடு. கை கழுவப் போன மாஸ்டர், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தார். ஷேவிங் கிரீமுக்குப் பக்கத்தில் ஒரு டியூப். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். ஆண் ஹார்மோன் ஜெல், தினமும் காலையில் தோளில் தடவ வேண்டும் என்று போட்டிருந்தது.

'அப்படிப் போடு! நடை, உடற்பயிற்சின்னு ஊரை ஏமாத்திட்டு இதைப் பூசிக்கிட்டுத் திரியிறியா?' உள்ளே சந்தோஷம் கூத்தாடியது. கை தானாக டியூப்பைச் சட்டைப்பைக்குள் தள்ளியது.

மறுநாள் முதல் குளித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தோளில் பூசினார். கடைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். கை மடிப்பு சரியில்லை என்ற வாடிக்கையாளரிடம், "வேற கடை பாருங்க" என்று சீறினார். அதையும் ஆண்மை திரும்பி வருகிற அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் அக்காவிடமிருந்து தங்கைக்கு போன் வந்தது: அலமாரியில் இருந்த டியூப்பைக் காணோமாம். பேசி முடித்த மனைவி, துண்டோடு நின்ற கணவரைப் பார்த்தாள். தோள் பளபளத்தது, ஸ்பிரிட் வாசனை அடித்தது.

"நீங்களா எடுத்தீங்க?"

"என்ன எடுத்தேன்?"

"அது அத்தானோட மருந்துங்க! ரெண்டு வருஷம் முன்னாடி மூக்குல ஆபரேஷன்னு சொன்னாங்களே, அது மூக்குக்கு இல்ல. மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பியில கட்டி. அதை மூக்கு வழியா எடுத்தாங்க. அப்புறம் அவருக்கு ஹார்மோன் சுத்தமா சுரக்கல. தினம் போட்டாத்தான் மனுஷனா நடமாட முடியும்."

மாஸ்டர் வாயிலிருந்து முதலில் வந்தது மன்னிப்பு இல்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா சொன்னா."

"அவர் ரகசியத்த ரெண்டு வருஷமா எங்கிட்ட மறைச்சிருக்க."

"உங்ககிட்டச் சொன்னா நீங்க கடையில சொல்லிச் சிரிப்பீங்கன்னு அத்தான் பயந்தாரு."

அது சுருக்கென்று தைத்தது. சொல்லியிருப்பார்தான்.

டியூப்பை எடுத்துக்கொண்டு நேரே போனார். கதவைத் திறந்த சகலையின் முகம் வெளிறியிருந்தது. புது மருந்து இன்னும் வரவில்லையாம்.

"தப்புப் பண்ணிட்டேன். நீங்க இளமையாயிட்டே போறீங்கன்னு வயிறெரிஞ்சு போச்சு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல" என்றார் சகலை. "ஆபரேஷனுக்கப்புறம் தாடி வளர்றது நின்னுபோச்சு. ஒரு நாள் வண்டிக்குள்ள உக்காந்து காரணமே இல்லாம அழுதேன், பக்கத்துல ஒரு பொண்ணு வண்டி பழகிக்கிட்டிருக்கு. இதையெல்லாம் யார்கிட்டச் சொல்றது?" டியூப்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். "உங்களுக்கும் உடம்பு சரியில்லன்னா பூசிப் பாக்காதீங்க. ரத்தம் கெட்டியாகும், வேற வம்பு வரும். வாங்க, எங்க டாக்டர்கிட்டப் போவோம்."

டாக்டர் சின்ன வயசுப் பெண். பூசியதன் தடம் உடம்பை விட்டுப் போகட்டும் என்று சில வாரம் பொறுத்து, காலையில் ரத்தம் எடுக்கச் சொன்னாள். முடிவைப் பார்த்து, "வயசானா ஹார்மோன் மெதுவா இறங்கும்ங்க. உங்களுக்கு வயசுக்கேத்த அளவுதான் இருக்கு" என்றாள்.

மாஸ்டருக்கு ஏமாற்றம். "அப்போ எனக்கு ஜெல் கிடையாதா?"

"உங்க பிரச்சினை தொப்பையும் தூக்கமும். சர்க்கரை எல்லையில நிக்குது. குறட்டை விடுவீங்களா?"

கூட வந்த மனைவி முந்திக்கொண்டாள். "நடுவுல மூச்சே நின்னுடும் டாக்டர். நான் உலுக்கி எழுப்புவேன்."

அதுவும் அவருக்குத் தெரியாத சேதி. தூக்கத்தில் மூச்சடைப்பதற்கு ஒரு முகமூடிக் கருவி வந்தது. மதியத் தூக்கக் கலக்கம் விலகியது, கோபமும் கொஞ்சம் தணிந்தது. காலையில் சகலையோடு நடக்கத் தொடங்கினார்.

பொறாமை மட்டும் போகவில்லை. சகலை பேசிக்கொண்டே நடப்பார், இவருக்கு 'ம்' போடவும் மூச்சிருக்காது. பக்கத்தில் நடந்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒரு நாள் தவறவில்லை.

ஒரு காலை நல்ல மழை. குடையைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் மனைவி, "இன்னிக்குமா?" என்றாள்.

"தனியா விட்டா அந்த மனுஷன் இன்னும் இளைச்சுடுவாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.