ஒளித்துவைத்த பசு

சேவுகம்பட்டி சுந்தரம்மாளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டால் சோறு இறங்காது. காளை தீனி எடுக்காமல் நின்ற அன்று, அந்தச் சந்தேகம் திண்டுக்கல் தோல் வியாபாரி மைதீன் பிச்சை ராவுத்தர் மேல் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? முந்தின நாள்தான் மனுஷன் வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, மாடெல்லாம் ஒழுங்கா தீனி எடுக்குதா?" என்றார். சீக்கில்லாத வீட்டில் தோல்காரருக்கு என்ன விசாரிப்பு? மேற்கொண்டு வாயெடுக்குமுன் விளக்குமாற்றைக் காட்டி விரட்டினாள். தோலுக்காக மாட்டுக்குப் பாஷாணம் வைப்பவர்களைப் பற்றி ஊரே பேசும்.

மிச்சமிருந்தது ஒரே கறவை. அதன் பாலில்தான் வீட்டில் உலை கொதித்தது. அன்றே அதைச் செம்பட்டிக்கு ஓட்டிப்போய், தங்கை பழனியம்மாளின் ஆறு மாடுகளுக்கு நடுவே கட்டிவிட்டு வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

எட்டாம் நாள் காளை செத்தது. விஷத்தைக் கண்டுபிடித்தால் ராவுத்தரைப் போலீசில் கொடுக்கலாம் என்று மாட்டு டாக்டரை அவளே அழைத்துவந்தாள். ராவுத்தரும் வந்து தள்ளி நின்றார். நிற்கிற நெஞ்சழுத்தத்தைப் பார் என்று கருவினாள்.

டாக்டர் அறுத்துக் காட்டினார். வாய்க்குள் தவிடு ஒட்டினாற்போல் புண். குடலில் கோடு கோடாக ரத்தம்.

"விஷமில்லம்மா, வெக்கை நோய். கிருமி மூக்கு வழியாப் போயி முதல்ல தொண்டையில பெருகும். அங்கேருந்து ரத்தத்துல கலந்து குடல் வரைக்கும் எறங்கிரும். நாலஞ்சு நாளைக்கு மாடு நல்லாத்தான் நிக்கும். வாய்ப்புண்ணு தெரியுமுன்னயே மத்த மாட்டுக்கும் தொத்திரும்."

"பக்கத்தூர்லேருந்து ஒரே வாரத்துல பதினேழு தோலு வந்துச்சு," என்றார் ராவுத்தர். "மாட்ட எங்கிட்டும் ஓட்டிராதீகன்னு சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்."

சுந்தரம்மாள் செம்பட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் தங்கை புருஷன் கண்ணுசாமி சைக்கிளில் வந்து குதித்தான்.

"மதினி, மூணு மாடு வாயொழுகிப் படுத்திருச்சு! எவனோ வெஷம் வச்சுட்டான். நேத்து எங்க ஊருக்குத் தோல் வாங்க வந்த ஒரு ஏவாரியப் புடிச்சு மரத்துல கட்டிவச்சிருக்கோம்."

"அவர அவுத்துவிடச் சொல்லுப்பா," என்றாள் சுந்தரம்மாள். "வெஷமில்ல, சீக்கு. நாந்தேன் பசுவோட கொண்டுபோயி அங்க கட்டுனேன்."