நுழைந்த பக்கமே வெளியே

1998 சித்திரை மாதத்திலிருந்து, மதுரை மஹாலுக்குத் தெற்கே சாயப்பட்டறைத் தெருவில் கிழக்கே நுழைந்த வண்டி கிழக்கேயே வெளியே வந்தது. மேற்கே நுழைந்தது மேற்கேயே வந்தது. நடந்து போகிறவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. தெருவின் நீளமும் பழைய நானூறு அடிதான்.

இதற்கெல்லாம் காரணம் ஆட்டோக்காரர் ஜனகராஜ். முந்தின ஐப்பசியில் ஆட்டோவைப் பின்னால் எடுத்தவர், தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த சொந்த மகள் காவ்யஸ்ரீயின் காலில் ஏற்றிவிட்டார். எட்டு வயதுப் பிள்ளை. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அவள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. பள்ளிக்கூடமும் நின்றுபோனது. அப்பாவைக் கோபித்து ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கேட்டால் ஒரே பதில்தான். வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் அவள் சொன்னது தமிழில் இப்படி வரும்: "ரோட்டுல வண்டியே இல்லேன்னா இறங்குறேன்." வைகையில் கப்பல் விடச் சொல்லியிருந்தால்கூட ஏதாவது முயன்று பார்த்திருப்பார்.

மனைவி ஹம்சவேணி வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவள். ஒருநாள் விடியற்காலை ஜனகராஜ் மிஞ்சிக் கிடந்த சிவப்புச் சாயத்தை எடுத்து, ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கொஞ்சமாவது சிரிக்கட்டும் என்று, தெருவை அடைத்து ஒரு குதிரை வரைந்தார். வரையத் தெரியாத மனிதர். குதிரைக்கு ஆட்டு முகம் வந்தது. ஆனால் அழகர் குதிரையேறி ஆற்றில் இறங்க நாலு நாள்தான் இருந்தது. முதலில் வந்த லோடு வண்டிக்காரர் பிரேக்கை மிதித்து, "என்ன அண்ணே, இந்த வருசம் சாமி இந்தப் பக்கமாவா வாராரு?" என்று கேட்டார். ஜனகராஜ் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்றும் இருந்தது, இல்லை என்றும் இருந்தது. சாமி வரும் பாதையில் மதுரைக்காரன் வண்டி விடுவானா? பத்து மணிக்குள் சேதி தெற்குவாசல் வரை போய்விட்டது. சிலர் செருப்பையும் முனையிலேயே கழற்றிவிட்டு நடந்தார்கள்.

அழகர் வழக்கமான பாதையில் வந்து, ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பிப் போனார். ஏமாந்தவர்கள் வண்டியோடு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அதிகாரிகளின் ஜீப் மூன்று முறை நுழைந்து மூன்று முறையும் அதே பக்கம் வந்தது. பிறகு நடந்து போய் அளந்து, 'போக்குவரத்துக்கு உகந்ததல்ல' என்று எழுதிக்கொண்டார்கள். போர்டு எழுதும் உமர் பாரூக் குதிரையைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதக் குதிரைன்னு வெளிய சொல்லிறாத" என்று சொல்லி, பக்கத்தில் ஒரு மாதுளை மரம் வரைந்தார். அப்புறம் ஆளுக்கு ஆள் வரைந்தார்கள். ஆடிக்குள் தார் கண்ணுக்குத் தெரியவில்லை. சாயம் மழைக்கும் போகவில்லை. பத்து வருடம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் வந்து குனிந்து குனிந்து போட்டோ எடுத்ததெல்லாம் பிந்திய கதை.

இம்புட்டும் நடந்தும் காவ்யஸ்ரீ இறங்கவில்லை. தெருவுக்குள் ஒரு வண்டி மிச்சம் இருந்தது. வாசலில் நின்ற ஜனகராஜின் ஆட்டோதான் அது. கிளப்பிக்கொண்டு தெருமுனை வரை போவார். பார்த்தால் தன் வீட்டு வாசலில் நிற்பார். தள்ளியும் பார்த்தார். சித்திரை வரை அதை வைத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. ஆவணியில் ஒருநாள் ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து ஆட்டோவைக் கழற்ற ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் தெருக்காரர்கள் துண்டு துண்டாகச் சுமந்து வெளியே கொண்டுபோனார்கள். துண்டுகள் தடையில்லாமல் போயின. வெளியே மெக்கானிக் திரும்பவும் பூட்டிப் பார்த்தார். அது கடைசிவரை ஸ்டார்ட் ஆகவில்லை.

மறுநாள் காலை ஜனகராஜ் பழங்காநத்தத்தில் ஒரு கடைக்கு வேலைக்குக் கிளம்பினார்.

"எதுல போற?" என்று படியிலிருந்து கேட்டாள் மகள்.

"நடந்துதான் போறேன்."

அவள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "இரு, நானும் வாரேன்" என்று இறங்கினாள்.

முனையில் மெயின் ரோடு இரைந்தது. பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. ஜனகராஜால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பயப்படாதப்பா, நான் புடிச்சிருக்கேன்ல" என்றாள் காவ்யஸ்ரீ.

இருவரும் ரோட்டைத் தாண்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் சாயப்பட்டறைத் தெருவில் நுழைந்த தண்ணீர் லாரி ஒன்று அதே பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. முனைக் கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.