கரி பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்தான் எங்கள் ஊர்ப் பெண் பார்ப்பதெல்லாம். பிடிக்காவிட்டால், பஸ்ஸுக்கு வந்தோம் என்று இரு வீட்டாரும் சொல்லிக்கொள்ளலாம். யார் நம்பினார்கள்?

முருகையன் மகள் தையல்நாயகியைப் பார்க்க விழுப்புரத்து மாப்பிள்ளை வெள்ளை வேட்டியில் வந்தார். பார்த்தார், சரி என்று தலையாட்டினார், திரும்பும் பஸ்ஸில் ஏறினார். பஸ் கிளம்பவில்லை.

"ஆம்பளைங்கல்லாம் எறங்கித் தள்ளுங்க, ஜல்தி!" என்றார் கண்டக்டர்.

மாப்பிள்ளை மட்டும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல்நாயகி முந்தானையைச் செருகிக்கொண்டு போய்த் தள்ளினாள். பஸ் உறுமிக்கொண்டு போனது.

"இன்னாம்மா, நமக்கும் சம்மதம்னு சொல்லி அனுப்பட்டுமா?" என்றார் முருகையன்.

"இன்னிக்கு அவரை ஒக்கார வச்சித் தள்ளினது போதும் நைனா. ஆயுசுக்கும் என்னால ஆவாது."

அந்தப் பேச்சு அடுத்த பஸ்ஸிலேயே விழுப்புரம் போய்ச் சேர்ந்தது. ஏதோ, என்னால் ஆன உதவி.