விளக்குமாற்று அறை

“உதறாதம்மா! அப்படியே தண்ணில போடு!”

வாசலில் நின்று வேலைச் சட்டையை உதறப் போன அம்மாவின் கையைப் பாய்ந்து பிடித்தான் மகன்.

“அடேங்கப்பா! இப்பத்தான் சாருக்கு என்னை அடையாளம் தெரியுதா?”

அவனுக்குச் சுருக்கென்றது. காலையில் ஆஸ்பத்திரியில் அவள் வாளியோடு எதிரே வந்தபோது, பக்கத்தில் தன் கம்பெனி மேனேஜர் நின்ற ஒரே காரணத்துக்காக, யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் அவன்தான்.

ஆஸ்பத்திரிகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசி பறக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை காற்றை அளக்கும் அரசாங்க ஒப்பந்தம் அவன் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. பழைய கட்டடங்களில் வெந்நீர்க் குழாய்களுக்குச் சுற்றிய உறை அது. உதிர்ந்தால் நுரையீரலில் குடியேறி, இருபது முப்பது வருடம் கழித்து ஆளையே முடித்துவிடும். டாக்டர் அறை, நர்ஸ் அறை, வார்டு, பார்வையாளர் கூடம் என்று பட்டியலில் அறுபத்திரண்டு இடங்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை மட்டும் அதில் இல்லை. அது ‘பொருள் வைக்கும் அறை’யாம். துடைப்பமும் வாளியும் இருக்கின்றனவே! எட்டுப் பெண்கள் அங்கேதான் உடை மாற்றி, சாப்பிட்டு, கால் நீட்டுகிறார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. மனிதர்கள் இருக்கும் இடத்தில்தான் காற்றை அளக்க வேண்டுமாம். கூட்டுகிறவர்களை மனிதர்களில் சேர்க்க யாருக்குத் தோன்றும்?

“அந்த ரூம்ல, மேல குழாயிலருந்து ஏதாவது கொட்டுதாம்மா?”

“கொட்டாம என்ன? வெள்ளையா, மாவு மாதிரி. தினம் கூட்டித் தள்ளிட்டுத்தான் சாப்பிட உக்காருவோம். நாங்க இருக்கிற இடமாவது சுத்தமா இருக்க வேணாமா?”

அவன் சட்டையை வாங்கித் தண்ணீரில் அமுக்கினான். பதினோரு வருடமாகச் சுத்தம் செய்வதாக நினைத்து, அந்த எமனைக் கிளப்பிக் கிளப்பி மூச்சில் வாங்கியிருக்கிறாள்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னான்.

“ஏம்ப்பா, விளக்குமாத்துக்கு நெஞ்சு வலியா வரப்போகுது? லிஸ்ட்ல இல்லாததுல கைய வெச்சா அடுத்த டெண்டர் அம்பேல்தான். பேசாம இரு.”

அவன் பேசவில்லை, எழுதினான். அந்த அறையில் பம்பு வைத்துக் காற்றைப் பிடித்து, பரிசோதித்து, அறுபத்து மூன்றாவது இடமாகச் சேர்த்து, ‘உபயோகிப்போர்: எட்டுப் பேர்’ என்று அறிக்கையை நேரே அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான். வேலை போனால் போகட்டும்.

பத்தே நாளில் பதில் வந்தது. அறைக்குப் பூட்டு, கதவில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகை. உத்தரவு ஒரே வரி: ‘துடைப்பம், வாளி முதலியன ஜன்னலுள்ள பாதுகாப்பான அறைக்கு மாற்றப்படுகின்றன.’ எட்டுப் பேரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேனேஜர்கூட அவனைத் திட்டவில்லை. பூட்டிய அறையை இனி அளக்க வேண்டாமே!

அன்று மதியம் அவனும் மேனேஜரும் பம்புப் பெட்டியோடு பூட்டைப் பார்வையிட வந்தார்கள். தலைமை டாக்டரின் அறை வாசலில், பார்வையாளருக்குப் போட்ட மெத்தை நாற்காலிகளில், எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏய்! யாரைக் கேட்டு இங்க உக்காந்தீங்க?” என்று கத்தினார் மேனேஜர்.

“இது லிஸ்ட்ல இருக்கிற இடமாம் சார். காத்து நல்லாருக்காம். எம் பையன்தான்...” என்று தொடங்கிய அம்மா, மகனின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று மாற்றிக்கொண்டாள். “அளக்க வந்த தம்பி யாரோ சொல்லிச்சு.”

அவன் பம்பைக் கீழே வைத்தான்.

“நான்தான் சார் சொன்னேன். இவங்க எங்கம்மா.”

பிறகு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“கொஞ்சம் நகரும்மா. எனக்கும் பசிக்குது.”